கையாளப்படாத விதிவிலக்குகள்: கணினி நிரல்களின் கடைசிக் காப்பு – ஒரு வரலாறு

கையாளப்படாத விதிவிலக்கு (அன்காட் எக்ஸெப்ஷன்) என்பது, ஒரு கணினி நிரல் இயங்கும்போது எதிர்பாராத நிலை ஒன்று தோன்றி, அதை எதிர்கொள்ள நிரலின் எந்தப் பகுதியிலும் ஏற்பாடு இல்லாமல் போவதைக் குறிக்கும். அத்தகைய நிலையில் நிரல் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். நிற்பதற்கு முன், நிரலர் எழுதிவைத்த ஒரு சிறு பகுதியைக் கடைசியாக ஒருமுறை அழைக்கும் வசதியைப் பல நிரல்மொழிகள் தருகின்றன. ‘கையாளப்படாத விதிவிலக்கு ஏற்பட்டது’ என்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கும் இப்பகுதி நிகழ்வுக் கையாளி (ஈவன்ட் ஹேண்ட்லர்) எனப்படும்.

இக்கடைசிக் கையாளி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குக் கணினித் துறை ஒரே நாளில் விடை காணவில்லை. பிழையை மறைத்துவிட்டு நிரலைத் தொடர்ந்து ஓட்டுவதா, உடனே நிறுத்துவதா என்று எழுபது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் முயன்று பார்க்கப்பட்டன. அவற்றுள் சில மிகப்பெரிய இழப்புகளில் முடிந்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

கண்மாயும் மறுகாலும்

இக்கருத்தைப் புரிந்துகொள்ளத் தேனி மாவட்டத்து நீர்நிலைகள் நல்ல எடுத்துக்காட்டு. தென்மாவட்டங்களில் ஒவ்வொரு கண்மாய்க்கும் மடை இருக்கும், மறுகாலும் இருக்கும். மடை அன்றாடப் பாசனத்துக்கு உரியது. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் வழக்கத்தில் உள்ளவை. மறுகால் அப்படியன்று. கண்மாய் நிறைந்து, மடைகளால் தாங்க முடியாத அளவுக்கு நீர் வரும்போது, கரையை உடைக்காமல் உபரி நீர் வெளியேற விடப்பட்ட வழி அது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மறுகால் பாயும். ஆனால் மறுகால் இல்லாத கண்மாய், பெருமழை பெய்யும் முதல் ஆண்டிலேயே கரை உடைந்து போகும்.

இதே முறையைப் பெரிய அளவில் முல்லைப் பெரியாறு அணையில் காணலாம். கர்னல் ஜான் பென்னிகுக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட அவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக ஓடி வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்நீரை நம்பியே நடக்கிறது. சுரங்கம் அணையின் அன்றாட வழி. அளவு மீறி வரும் வெள்ளத்துக்கென உபரிநீர்ப் போக்கி தனியே உள்ளது. அதில் 13 மதகுகள் இருக்கின்றன. அவ்வழியே வெளியேறும் நீர் மேற்கே வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது. எனவே மதகு திறப்பதற்கு முன்பே அப்பகுதி மக்களுக்கு அறிவிப்பு செய்யப்படுகிறது.

ஆண்டிபட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொடும்போது முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடப்படுகின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் செய்தி போகிறது. ‘நீர்மட்டம் இந்த அளவைத் தொட்டால் இதைச் செய்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட விதி இது. கணினி மொழியில் சொன்னால், நீர்மட்டம் 66 அடியைத் தொடுவது ஒரு நிகழ்வு. சங்கொலி எழுப்புவது அந்நிகழ்வின் கையாளி.

இந்த ஒப்புமையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. உபரி நீருக்கு வழி முன்பே அமைக்கப்பட வேண்டும். அது எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். உரியவர்களுக்குத் தகவல் போக வேண்டும். மென்பொருளின் கடைசிக் கையாளிக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

விதிவிலக்கு எவ்வாறு மேலே செல்கிறது

ஒரு நிரல் பல செயற்கூறுகளால் ஆனது. முதல் செயற்கூறு இரண்டாவதை அழைக்கும். இரண்டாவது மூன்றாவதை அழைக்கும். மூன்றாவது செயற்கூறில் ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால், அங்கே ஒரு விதிவிலக்கு எழுகிறது. அதைக் கையாள அங்கே ஏற்பாடு இருந்தால் அத்துடன் முடிந்தது. இல்லையென்றால் தன்னை அழைத்த இரண்டாவது செயற்கூறுக்கு அது செல்லும். அங்கும் ஏற்பாடு இல்லையென்றால் முதலாவதற்குச் செல்லும். அங்கும் கையாளப்படாதபோதுதான் அது கையாளப்படாத விதிவிலக்கு ஆகிறது. கடைசிக் கையாளி இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது.

கோப்பு கிடைக்காமை, இணையத் தொடர்பு அறுந்துபோதல் போன்ற எதிர்பார்க்கக்கூடிய தடைகளை அவை தோன்றும் இடத்துக்கு அருகிலேயே கையாள்வதுதான் முறை. கடைசிக் கையாளி அவற்றுக்கு மாற்று ஆகாது. மறுகால் இருக்கிறது என்பதற்காக எவரும் மடையைக் கட்டாமல் விடுவதில்லை.

தொடக்கக் காலம்

1951இல் வெளிவந்த யூனிவாக் 1 கணினியில் இதன் முதல் வடிவம் வன்பொருளிலேயே இருந்தது. கூட்டல், வகுத்தல் போன்ற கணக்கின் விடை, எண்ணை வைக்கும் இடத்தின் அளவை மீறி வழிந்தால், கணினி தன் நினைவகத்தின் பூஜ்ய முகவரியில் உள்ள இரண்டு கட்டளைகளை நிறைவேற்றும். அங்கே என்ன எழுதிவைப்பது என்பதை நிரலர் தீர்மானிக்கலாம்.

மென்பொருளில் இக்கருத்து லிஸ்ப் மொழியில் தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் வந்த லிஸ்ப் 1.5இல் பிழையை எழுப்பவும் அதைப் பிடிக்கவும் தனித்தனி வசதிகள் இருந்தன. ஐபிஎம் நிறுவனம் 1964 அளவில் உருவாக்கிய பிஎல்/1 மொழி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ‘இன்ன நிலை ஏற்பட்டால் இதைச் செய்’ என்று நிரலின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கும் முறையை அது கொண்டுவந்தது. எண் வழிதல், பூஜ்யத்தால் வகுத்தல், கோப்பு முடிதல் என ஒவ்வொரு நிலைக்கும் பெயர் இருந்தது. எதிலும் சேராத பிழைகளுக்கும் ஒரு பொதுப் பெயர் இருந்தது. இன்றைய நிகழ்வுக் கையாளிகளுக்கு இதை முன்னோடி எனலாம்.

நிலவில் ஒலித்த எச்சரிக்கை

கடைசிக் காப்பு சரியாக வேலை செய்ததற்குப் புகழ்பெற்ற சான்று அப்பல்லோ 11. 1969 ஜூலை 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. பின்னர் 1201 என்ற எண்ணும் தோன்றியது. தேவையற்ற ராடார் சமிக்ஞைகள் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்ததால், புதிய பணிகளுக்கு இடமில்லை என்பதே அவற்றின் பொருள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அம்மென்பொருளை எழுதியவர்கள் இப்படி ஒரு நிலை வரலாம் என்று கருதி ஏற்பாடு செய்திருந்தனர். ஹால் லேனிங் வடிவமைத்த முன்னுரிமை முறையும், மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழுவின் மென்பொருளும் அப்போது கைகொடுத்தன. கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. முக்கியமற்ற பணிகளைக் கைவிட்டு, கலத்தை வழிநடத்தும் பணியைக் கடைசியாகப் பதிவான நிலையிலிருந்து தொடர்ந்தது. விண்வெளி வீரர்களுக்கும் தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் எண் மூலம் தகவலும் கொடுத்தது. அந்த எண்ணின் பொருளை அறிந்திருந்த தரைக் குழுவினர் இறங்குவதைத் தொடரலாம் என்று முடிவு செய்தனர்.

இந்நிகழ்வில் கணினி பிழையை மறைக்கவில்லை. பிழை ஏற்பட்டதால் எல்லாவற்றையும் விட்டுவிடவும் இல்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது புறப்படும் முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது.

கோட்பாடு உருவாதல்

1975இல் ஜான் குட்இனஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரை, விதிவிலக்குகளைக் கையாளும் முறைகளை ஒழுங்காக வகைப்படுத்தியது. பிழையைச் சரிசெய்த பின் நின்ற இடத்திலிருந்தே தொடர்வதா, அந்தச் செயலை முடித்துவிட்டு அழைத்தவரிடம் திரும்புவதா என்பது அக்காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது.

அதே காலத்தில் பார்பரா லிஸ்கோவ் தலைமையில் உருவான சிஎல்யு மொழி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒரு விதிவிலக்கை உடனே அழைத்த செயற்கூறு கையாள வேண்டும். கையாளாவிட்டால் அது ‘தோல்வி’ என்ற பொதுவான விதிவிலக்காக மாறி மேலே செல்லும். கையாளப்படாத விதிவிலக்குக்கு மொழியே ஒரு பெயரும் இடமும் தந்தது இங்கே கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான அடா மொழியும், பின்னர் வந்த சி++ மொழியும் இந்த வழியைப் பின்பற்றின. சி++ மொழியில் எவராலும் பிடிக்கப்படாத விதிவிலக்கு ‘டெர்மினேட்’ என்ற செயற்கூறை அழைக்கும். நிரலர் அதன் இடத்தில் தம்முடைய செயற்கூறை வைக்கலாம். ஆனால் அது வேலையை முடித்த பின் நிரல் தொடர்வதற்கு அனுமதி இல்லை.

ஏரியான் 5: தவறான கடைசிச் சொல்

1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் கிளஸ்டர் திட்டத்தின் நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள் இருந்தன. புறப்பாடு தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிகளில் ராக்கெட் பாதை விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு சில வாரங்களில் காரணத்தைக் கண்டறிந்தது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு, 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. 16 பிட் இடத்தில் அதிகபட்சம் 32,767 வரைதான் வைக்க முடியும். ஏரியான் 4இன் வேகத்துக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. ஏரியான் 5 தொடக்கத்திலேயே அதைவிட அதிகக் கிடைமட்ட வேகத்தை எட்டியதால் எண் வழிந்தது, விதிவிலக்கு எழுந்தது.

மாற்றத்துக்கு உட்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காக மூன்று மாறிகள் பாதுகாப்பின்றி விடப்பட்டன. வழிந்தது அந்த மூன்றில் ஒன்று. அந்தக் கணக்கு ராக்கெட் புறப்பட்ட பின் ஏரியான் 5க்குத் தேவையே இல்லை என்பது இன்னும் வேதனையான செய்தி.

கடைசிக் கையாளி அங்கே இல்லாமல் இல்லை. விதிவிலக்கு ஏற்பட்டால் பழுது என்று அறிவித்து, அதன் விவரத்தை நினைவகத்தில் எழுதி, கணினியை நிறுத்திவிட வேண்டும் என்று விதி இருந்தது. அது அப்படியே நிறைவேற்றப்பட்டது. விதிவிலக்கு என்றால் ஏதோ ஒரு வன்பொருள் பழுதாகத்தான் இருக்கும், ஒரு கருவி நின்றால் மாற்றுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது. ஆனால் மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான் இருந்தது. அதே காரணத்தால் அது ஒரு கணம் முன்பே நின்றுபோயிருந்தது. முதன்மைக் கருவி நிற்கும்போது அனுப்பிய பழுது விவரத்தை ராக்கெட்டின் தலைமைக் கணினி உண்மையான பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய இயந்திரங்களைத் திருப்பியதில் ராக்கெட் சிதைந்தது.

கடைசிக் கையாளி ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது அந்த இடத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஏரியான் 5 சான்று. அது அனுப்பும் செய்தியைப் பெறுபவர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று. அப்பல்லோவில் 1202 என்ற எண்ணின் பொருள் தரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஏரியானில் பழுதுச் செய்தியைப் பழுதுச் செய்தி என்று அடையாளம் காண வழி இல்லை.

அடுத்த ஆண்டில், 1997 செப்டம்பரில், அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒரு தரவுக் கட்டத்தில் பூஜ்யம் உள்ளிடப்பட்டதால் வகுத்தல் பிழை ஏற்பட்டு, கப்பலின் உந்துவிசைக் கட்டுப்பாடு முடங்கியது. கப்பல் சில மணி நேரம் கடலில் செயலற்று நின்றது. ஓரிடத்தில் பிடிக்கப்பட்டிருக்க வேண்டிய சிறு பிழை, பிடிப்பாரின்றி அமைப்பு முழுவதும் பரவியதற்கு இது எடுத்துக்காட்டு.

நிகழ்வுக் கையாளிகளின் காலம்

தனிநபர் கணினிகள் பரவிய பின் இப்பிரச்சினை பொதுமக்களின் மேசைக்கு வந்தது. சாளரங்களும் பொத்தான்களும் கொண்ட நிரல்கள் நிகழ்வுகளால் இயங்குபவை. பொத்தானை அழுத்துவது ஒரு நிகழ்வு; விசையைத் தட்டுவது ஒரு நிகழ்வு. கையாளப்படாத விதிவிலக்கையும் அவ்வாறே ஒரு நிகழ்வாகக் கருதி, அதற்கும் ஒரு கையாளியைப் பதிவு செய்யலாம் என்ற முறை இச்சூழலில் பரவலானது.

1991இல் வந்த விஷுவல் பேசிக் மொழியில் ‘பிழை ஏற்பட்டால் அடுத்த வரிக்குச் செல்’ என்று பொருள்படும் ஒரு கட்டளை இருந்தது. பயன்படுத்த எளிதாக இருந்ததால் பலரும் அதை நிரலின் தலைப்பில் எழுதிவிட்டு நிம்மதி அடைந்தனர். நிரல் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் தவறான கணக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோன நிரலின் பழுது உடனே தெரியும். தவறான விடையைத் தரும் நிரலின் பழுது பல மாதங்களுக்குப் பிறகே தெரியவரும்.

2002இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டாட்நெட் தளம் இரண்டு வகை நிகழ்வுகளைத் தந்தது. ஒன்று, நிரல் முழுமைக்கும் உரிய ‘அன்ஹேண்டில்டு எக்ஸெப்ஷன்’ நிகழ்வு. இது அறிவிப்பு மட்டுமே. இதன் கையாளி விவரத்தைப் பதிவு செய்யலாம், நிரல் முடிவதைத் தடுக்க முடியாது. மற்றொன்று, திரை இடைமுகத்தை இயக்கும் இழைக்கு உரியது. இதன் கையாளி நினைத்தால் நிரலைத் தொடரச் செய்யலாம். பின்னர் 2006இல் வந்த டபிள்யூபிஎஃப் தொழில்நுட்பத்தில், ‘கையாளப்பட்டது’ என்ற பண்பை உண்மை என மாற்றினால் நிரல் தொடர்ந்து இயங்கும்.

டாட்நெட்டின் முதல் பதிப்புகளில், பின்னணி இழைகளில் எழும் விதிவிலக்குகள் பல ஓசையின்றி விழுங்கப்பட்டன. பின்னணி வேலை நடக்கிறது என்று பயனர் நம்பிக்கொண்டிருப்பார். அது எப்போதோ நின்றுபோயிருக்கும். 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை மாற்றியது. எந்த இழையில் விதிவிலக்கு கையாளப்படாமல் போனாலும் நிரல் முழுவதும் நிற்கும் என்பது புதிய விதி. பழைய நிரல்கள் சில திடீரென நிற்கத் தொடங்கின. புதிய விதி அவற்றைப் பழுதாக்கவில்லை. முன்பே இருந்த பழுதுகளை வெளிக்காட்டியது.

ஜாவா மொழியில் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஒவ்வோர் இழைக்கும் தனிக் கையாளியையும், எல்லா இழைகளுக்கும் பொதுவான கையாளியையும் வைத்துக்கொள்ள வழி செய்தது. ஜாவாவில் ஓர் இழை விதிவிலக்கால் இறந்தாலும் மற்ற இழைகள் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே கையாளி இல்லாவிட்டால் நிரல் பாதி உயிரோடு இயங்கும் ஆபத்து அங்கே உண்டு. பைத்தான் மொழியில் ‘எக்ஸெப்ட்ஹுக்’ என்ற செயற்கூறு இதே பணியைச் செய்கிறது. மேல்நிலை வகுப்புகளில் பைத்தான் படிக்கும் மாணவர்கள் திரையில் காணும் ‘ட்ரேஸ்பேக்’ என்ற நீண்ட பிழைச்செய்தி அதன் வழியாகவே வருகிறது.

இணைய உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளுக்கு ‘ஆன்எரர்’ என்ற நிகழ்வு உண்டு. சேவையகங்களில் இயங்கும் நோட் ஜேஎஸ் தளத்திலும் ‘அன்காட் எக்ஸெப்ஷன்’ நிகழ்வு இருக்கிறது. அதன் கையேடு, இந்நிகழ்வைக் கடைசிப் புகலிடமாக மட்டும் பயன்படுத்த வேண்டும், இதைக் கொண்டு நிரலை வழக்கம்போல் தொடர்வது பாதுகாப்பானதன்று என்று எச்சரிக்கிறது. 2020இல் வந்த அதன் 15ஆம் பதிப்பு முதல், கவனிக்கப்படாமல் விடப்பட்ட ‘ப்ராமிஸ்’ மறுப்புகளும் நிரலை நிறுத்துகின்றன. அதுவரை அவை வெறும் எச்சரிக்கையோடு கடந்துபோயின. டாட்நெட் 2005இல் எடுத்த முடிவை நோட் 15 ஆண்டுகள் கழித்து எடுத்தது.

இவற்றுக்கு மாறான ஒரு வழியை ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் 1980களிலேயே கண்டது. தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவர் குழுவினரும் உருவாக்கிய எர்லாங் மொழியில், நிரல் மிகச் சிறிய செயல்களாகப் பிரிக்கப்படுகிறது. பழுதான செயல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முயலாது, அது விழுந்துவிடும். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் மேற்பார்வைச் செயல், சுத்தமான நிலையிலிருந்து அதை மீண்டும் தொடங்கும். ஓர் உரையாடல் அறுந்தாலும் இணைப்பகம் முழுவதும் நிற்காது.

போடிநாயக்கனூர் ஏல அரங்கில் ஓர் எடுத்துக்காட்டு

இவ்வழிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அறிய, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை நினைத்துப் பார்க்கலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் (ஸ்பைசஸ் போர்டு) ஏற்பாட்டில் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் இந்த ஏலம் நடக்கிறது. மலைத்தோட்டங்களிலிருந்து வரும் காய்கள் குவியல் குவியலாக எண்ணிடப்படும். வியாபாரிகள் கணினித் திரையின் முன் அமர்ந்து விலை கேட்பார்கள். கீழே சொல்வது விளக்கத்துக்காகக் கற்பனை செய்தது. அங்குள்ள மென்பொருளில் நடந்த நிகழ்வு அன்று.

ஒரு குவியலின் எடை தவறுதலாகப் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. சராசரி விலையைக் கணக்கிடும் செயற்கூறு அதனால் வகுக்கிறது. விதிவிலக்கு எழுகிறது, பிடிப்பவர் இல்லை.

கடைசிக் கையாளி இல்லாவிட்டால் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணையும். யார் கடைசியாக என்ன விலை கேட்டார் என்பதற்குப் பதிவு இருக்காது. அரங்கில் வாக்குவாதம் எழும். கையாளி இருந்து, அது பிழையை விழுங்கிவிட்டுத் தொடருமானால், திரையில் முந்தைய குவியலின் விலையே இந்தக் குவியலுக்கும் நிற்கக்கூடும். ஏலம் தடையின்றி நடந்ததுபோல் தோன்றும். ஓர் ஆண்டு உழைப்புக்கு உரிய விலை தவறாக முடிவானது தோட்டக்காரருக்குப் பட்டியல் கைக்கு வரும்போதுதான் தெரியும்.

நல்ல கையாளி வேறு விதமாக நடந்துகொள்ளும். எந்தக் குவியல், எந்தச் செயற்கூறு, எந்த நேரம், உறுதியான கடைசிக் கேட்பு எது என்பவற்றைக் கோப்பில் எழுதும். ‘ஏலம் நிறுத்தப்பட்டுள்ளது, கடைசியாக உறுதியானது இந்தக் குவியல்’ என்று எல்லாத் திரைகளுக்கும் ஒரே செய்தியை அனுப்பும். அதன் பின் நிரலை நிறுத்தி, உறுதியான நிலையிலிருந்து மீண்டும் தொடங்க விடும். சில நிமிடத் தாமதம் ஏற்படும். எவருடைய பணமும் போகாது.

நிறுத்துவது ஏன் தேவை என்பதையும் இங்கே கூற வேண்டும். அணையில் உபரி நீர் வெளியேறிய பின் அணை பழையபடியே இருக்கிறது. மென்பொருளில் அந்த உறுதி கிடையாது. விதிவிலக்கு எழுந்த கணத்தில் எத்தனை மாறிகள் பாதி மாறியிருந்தன, எந்தக் கோப்பு பாதி எழுதப்பட்டிருந்தது என்பது கடைசிக் கையாளிக்குத் தெரியாது. தெரியாத நிலையை நம்பித் தொடர்வதைவிட, தெரிந்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்குவது நல்லது. மறுகால் ஒப்புமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

இந்திய அனுபவம்

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதியது கையாளப்படாத விதிவிலக்கால் அன்று. ஆனால் அதற்கு நெருங்கிய உறவுடையது. இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசையைத் தந்ததாகவும், பிழைகள் சேர்ந்துகொண்டே போனதாகவும், கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருளில் விதித்திருந்த வரம்பு அதைத் தடுத்ததாகவும் 2023இல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். இறங்குவதற்குக் குறிக்கப்பட்ட இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு பரப்பு.

சந்திரயான்-3இல் அணுகுமுறை மாற்றப்பட்டது. எது சரியாக நடக்கும் என்பதற்குப் பதில் எதெல்லாம் தவறாகலாம் என்ற பட்டியலிலிருந்து வடிவமைப்பு தொடங்கியது. உணரி பழுதானால், இயந்திரம் நின்றால், கணக்கு தவறினால் என்ன செய்வது என்பவை முன்கூட்டியே ஆராயப்பட்டன. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அக்கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது.

வரலாறு தரும் நடைமுறைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து இன்றைய நிரலர்கள் பின்பற்றும் நடைமுறைகள் சில உருவாகியுள்ளன.

முதலாவது, கடைசிக் கையாளியை நிரலின் தொடக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வேறு வேலைகள் தொடங்கிய பின் பதிவு செய்தால், அதற்கு முன் எழும் பிழைகள் தப்பிவிடும். வெள்ளம் வந்த பிறகு மறுகால் வெட்ட முடியாது.

இரண்டாவது, அது சிறியதாக இருக்க வேண்டும். நினைவகம் தீர்ந்ததால் விதிவிலக்கு எழுந்திருந்தால், கூடுதல் நினைவகம் கேட்கும் கையாளியும் உடன் விழும். அடுக்கு வழிதல் போன்ற சில பிழைகள் டாட்நெட்டில் எந்தக் கையாளிக்கும் வந்து சேருவதே இல்லை. ஆகவே முக்கியத் தரவை அவ்வப்போது சேமித்துக்கொள்வதை இக்கையாளியிடம் மட்டும் விட்டுவைக்கக்கூடாது.

மூன்றாவது, பதிவும் செய்தியும் வெவ்வேறு. பிழை எழுந்த இடம், அழைப்பு அடுக்கு, நேரம், பதிப்பு எண் ஆகியவை நிரலருக்காகக் கோப்பில் எழுதப்பட வேண்டியவை. பயனருக்குத் தேவையானது அவருடைய வேலை என்ன ஆயிற்று, இனி அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு வரிகள். கடவுச்சொல், கணக்கு எண் போன்றவை பதிவுக் கோப்பில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வதும் கடமை.

நான்காவது, அந்தப் பதிவை ஒருவர் படிக்க வேண்டும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த பிழை அறிவிப்பு வசதி, பயனர் இசைந்தால் பழுது விவரத்தை நிறுவனத்துக்கு அனுப்பியது. எந்தப் பிழை அதிகம் பேரைத் துன்புறுத்துகிறது என்று கண்டு, அதை முதலில் திருத்த அது உதவியது. கடைசிக் கையாளி வரை வந்த ஒவ்வொரு விதிவிலக்கும், கீழே எங்கோ ஒரு மடை கட்டப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதன் அறிகுறி. அந்த மடையைக் கட்டினால் அதே பிழை அடுத்த முறை அவ்வளவு தூரம் வராது.

ஐந்தாவது, கையாளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு விதிவிலக்கை எழுப்பி, பதிவு எழுதப்படுகிறதா, செய்தி போகிறதா, நிரல் ஒழுங்காக நின்று மீண்டும் தொடங்குகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. பழைய நிரலைப் புதிய இடத்தில் பயன்படுத்தும்போது இச்சோதனையை மீண்டும் செய்வது இன்னும் முக்கியம். ஏரியான் 4இல் குறையின்றி இயங்கிய நிரல்தான் ஏரியான் 5இன் முதல் பயணத்தை முடித்துவைத்தது. மழைக்காலத்துக்கு முன் அணையின் மதகுகளை இயக்கிப் பார்த்து எண்ணெய் இடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.